தூக்கிவிட்டவள்

நவம்பர் 14, வியாழன். லா பிளாத்தா.

இன்றைய தவறு: யமிலாவுக்கு ஸ்ட்ராபெரி தயிர் வாங்கிப் போய்விட்டேன். அவளுக்கு வனிலாதான் பிடிக்கும். அது எனக்குத் தெரியும். அலமாரியில் கையை விட்டு எடுத்ததைப் பார்க்காமல் பையில் போட்டதுதான் பிசகு. அவள் கோபிக்கவில்லை. பாதி சாப்பிட்டுவிட்டு, "மீதிய நீ முடிச்சிடு நொயேலியா. உன் எலும்புல ஏதாவது ஒட்டட்டும்" என்றாள்.

இப்படி எழுதச் சொன்னது மிர்த்தா டீச்சர். நர்ஸ் உதவியாளர் படிப்பு, தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு. தினமும் முதல் வரியில் அன்று செய்த தவறு, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டியது. "நடுவுல என்ன வேணா எழுதுங்க, நான் படிக்க மாட்டேன்" என்றார் டீச்சர். நான் இதுவரை நடுவில் அதிகம் எழுதியதில்லை. என் வாக்கியங்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்று எழுதுகிறேன். நாளை யமிலா இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு எழுந்து நிற்கப்போகிறாள். நின்றுவிட்டால், அவளுடைய அண்ணன் லௌதாரோ அவளை பாயியா பிளாங்காவுக்கு, அம்மா வீட்டுக்கு, கூட்டிப்போய்விடுவான். அதற்கு முன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான் இந்த நகரத்துக்கு வந்தது போன வருடக் கடைசியில். நாற்பத்து நாலாம் தெருவில் ஒரு சலவைக் கடையில் வேலை. ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் வரும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, நெருங்கி வந்து, ஒருவர் மூலையை இன்னொருவர் கையில் கொடுத்து, மறுபடி விலக வேண்டும். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. சுவரில் இரண்டு இரும்புக் கிளிப் அடித்துக் கொடுத்தார். "இது லீவு கேக்காது, நொயேலியா" என்றார். மோசமான மனிதர் இல்லை. நான் சுவரோடு சேர்ந்து விரிப்பு மடிக்கப் பழகிக்கொண்டேன். அறையும் கடைக்குப் பின்னாலேயே. வகுப்பில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்று இருந்தது.

ஜூலைக் குளிரில் எதிர் விளக்குக் கம்பத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். 'ஈரச் செங்கல்' என்று ஒரு ராக் குழு. எந்தக் கம்பெனியும் கைகொடுக்காத, தாங்களே பாட்டு எழுதி, தாங்களே ஒலிப்பதிவு செய்து, தாங்களே சுவரொட்டி ஒட்டுகிற குழு. இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று அப்படி இருக்கும். பேட்டை கிளப்பின் கூடைப்பந்துக் கூடத்தில் கச்சேரி. எனக்கு இசையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை இரவில் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காகப் போனேன்.

வெளியே வரிசையில் நிற்கும்போது கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கை மாறி மாறி வந்தது. உள்ளே ஃபெர்னெட் என்கிற கசப்பு மதுவும் கோலாவும். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். எனக்கும் வந்தது. குடித்துவிட்டுக் கொடுத்தேன். முன்னால் நின்றவன் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான்.

உள்ளே போகோ என்கிற ஆட்டம். வேகமான பாட்டு வரும்போது நடுவில் வட்டமாக இடம் விடுவார்கள், தாளம் உடைகிற இடத்தில் எல்லோரும் அந்த வட்டத்துக்குள் பாய்ந்து ஒருவர் மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். பார்த்தால் அடிதடி மாதிரி இருக்கும். அடிதடி இல்லை. அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கையை உயர்த்தி இடம் விட வேண்டும், ஒருவர் அக்குளில் கை கொடுத்து உடனே தூக்க வேண்டும். தூக்காமல் யாரும் அடுத்த வரியைப் பாட மாட்டார்கள். எந்தச் சுவரிலும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அன்று நான் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன். தாடிக்காரன் ஒருவன் என்னைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒல்லி, என்னைப் பாரு. முழுசா இருக்கியா?" என்று கேட்டான். இருக்கிறேன் என்றேன். பாட்டு முடியும்வரை என் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. வியர்வையும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. பாட்டு முடிந்ததும் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

ஊரிலிருந்து வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. இது மிகைப்படுத்தலா என்று யோசித்துப் பார்த்தேன். முதலாளி சாவி கொடுக்கும்போது விரல் பட்டிருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஈரச் செங்கல் எங்கே வாசித்தாலும் போனேன். வேண்டுமென்றே விழவும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் தூக்கினார்கள், முகத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். தூக்கப்பட்டவளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று எனக்குப் புரிய கொஞ்ச நாள் பிடித்தது. தூக்கியவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நான் அந்தத் தாடிக்காரனை இப்போதும் தெருவில் பார்த்தால் அடையாளம் சொல்வேன். அவனுக்கு என்னைத் தெரியாது.

எனவே நான் பக்கம் மாறினேன். முதலில் செருப்பிலும் ஷூவிலும் தொடங்கினேன். போகோவில் ஷூ கழன்றுவிடும். கண்டெடுத்தவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், சொந்தக்காரர் நொண்டிக்கொண்டு வருவார். அதுவும் இங்கே ஒரு பழக்கம். ஷூவைக் கொடுக்கும்போது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சில பேர் பெயர் கேட்பார்கள். ஆனால் ஷூக்கள் போதுமான அளவு தாமாகக் கழல்வதில்லை. பின்னால் நின்று குதிகாலை மிதித்தால் கழலும். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, திரும்பக் கொடுத்துவிடுகிறோமே.

குதிகாலை மிதித்த அதே நேரத்தில் கூட்டம் அலை மாதிரி பின்வாங்கினால் ஆள் விழுவார் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை, அது தானாக நடந்தது. ஒரு பெண் விழுந்தாள், நான் தூக்கினேன். அவள் வெளியே வந்து எனக்கு ரொட்டியில் வைத்த சோரிசோ இறைச்சி வாங்கிக் கொடுத்து, தன் காதலன் எவ்வளவு கஞ்சன் என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அடுத்த கச்சேரியில் அதைத் தோளால் ஒரு சிறு அழுத்தமும் சேர்த்துச் செய்தேன். ஆள் எப்படி விழுவார், எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் மற்றவர்களைவிட நான் வேகமாகத் தூக்கினேன். தரையில் ஒரு நொடிக்கு மேல் யாரையும் விட்டதில்லை. மிர்த்தா டீச்சர் வகுப்பில் அடிக்கடி சொல்வார், உதவி செய்பவர் அருகில் இருப்பதுதான் பாதி உதவி என்று. நான் எப்போதும் அருகில் இருந்தேன்.

ஆகஸ்டு முடிவதற்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. கிரேன். "கிரேன் வந்தாச்சு, இனிமே தைரியமா விழலாம்டா" என்று வரிசையில் ஒருவன் கத்தினான். "என்னைத் தூக்குவியா கிரேன்? தொண்ணூறு கிலோ" என்று இன்னொருவன். "இவனைத் தூக்க துறைமுகத்துல சொல்லி வைக்கணும்" என்று அவன் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு தடவை பாடகன் மேடையிலிருந்து கை காட்டி, "அந்த ஒல்லிப் பொண்ணுக்கு ஒரு கைதட்டு" என்றான். அன்று அறைக்கு வந்து வெகுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சி என்றுதான் நினைக்கிறேன். என் பெயர் யாருக்கும் தெரியவில்லை என்பதும் உண்மை.

யமிலாவைப் பார்த்தது செப்டம்பரில், இங்கே வசந்தம் பிறக்கிற நாளில் நடந்த கச்சேரியில். அதே கிளப் கூடம். அவளும் லௌதாரோவும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்கள். இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் மட்டும் சிவப்பு ரிப்பன். பாட்டில் அவளிடமிருந்து எனக்கு வந்தது. குடித்துவிட்டுப் பின்னால் கொடுத்தேன். அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

"உன் பேரு என்ன?"

"கிரேன்னு கூப்பிடுவாங்க."

"அது வண்டிக்கு வைக்கிற பேருடி. உங்கம்மா வெச்ச பேரக் கேட்டேன்."

சொன்னேன். "நொயேலியா, தனியாவா வந்த?" என்றாள். ஆமாம் என்றேன். "அண்ணா, இவளும் நம்ம கூடத்தான்" என்று லௌதாரோவிடம் சொன்னாள். அவன், "போச்சு, இனி ரெண்டு பேருக்கும் நான்தான் பாட்டில் வாங்கணும்" என்றான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்ப யோசித்திருக்கிறேன். என்னைப் பற்றி யாராவது தவறாக நினைக்கப் போனால் இந்த இடத்தில்தான் நினைப்பார்கள். அவள் என்னை ஏற்கனவே சேர்த்துக்கொண்டாள், பிறகு எதற்கு என்று கேட்பார்கள்.

உள்ளே போனதும் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. நாலாவது பாட்டின்போது அவளைத் தேடிப் பிடித்தேன். மேடைக்குப் பக்கத்தில், இரும்புத் தடுப்பை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு பச்சை முடிக்காரியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு யமிலா அவளிடமும் ஏதோ கேட்டாள். பெயராகத்தான் இருக்கும். யமிலா எல்லோரிடமும் பெயர் கேட்கிறவள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அதில் தப்பில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் ஒரு இரவுதான் நிற்கும். கச்சேரி முடிந்து வாசலில், "யாரு, ஆமா, நொயேலியா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அவள் என்னை மறக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

பாட்டு உடைகிற இடத்தில் அவள் பின்னால் போய் நின்றேன். குதிகாலை மிதித்து, தோளால் அழுத்தினேன். நான்தான் விழவைத்தேன்.

எப்போதும்போல அவள் பக்கவாட்டில் விழுந்திருக்க வேண்டும். இரும்புத் தடுப்பின் கால் அங்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் முதுகு பட்டு மல்லாந்து விழுந்தாள். கைகள் உயர்ந்தன, வட்டம் திறந்தது. நான் மண்டியிட்டுக் குனிந்தேன். அவள் என்னை அடையாளம் கண்டு, "நொயேலியா, தூக்காத. கால் இருக்கறதே தெரியல" என்றாள். சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு நன்றாகக் கேட்டது.

அந்த வாரம்தான் வகுப்பில் முதுகெலும்புக் காயம் நடத்தியிருந்தார்கள். கால் உணர்வு இல்லை என்று சொன்னால் அசைக்கக் கூடாது, தலையைப் பிடித்துக்கொண்டு, மருத்துவக் குழு வரும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். செய்முறையில் எனக்கு நல்ல மதிப்பெண். எனவே தெரியாமல் செய்தேன் என்று எழுத முடியாது.

ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய உடம்புக்காரன் ஒருவன் அவள் அக்குளை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தான். நான் விட்டால் அவன் தூக்குவான். எப்படியும் அவள் தூக்கப்படத்தான் போகிறாள் என்றால், முறையாகக் கற்றுக்கொண்ட ஒருத்தி தூக்குவதுதானே மேல். அவனைக் கையால் தடுத்துவிட்டு நான் தூக்கினேன். அவள் முகம் என் தோளில் இருந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதில்லை.

தடுத்ததற்குப் பதில் "யாரும் தொடாதீங்க" என்று சொல்லியிருக்கலாமே என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அல்லது தோன்றியதா என்று சரியாக நினைவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இளம் டாக்டர் ஒருத்தி சொன்னாள்: எலும்பில் விரிசல், அது அசையாமல் இருந்திருந்தால் நரம்பு பெரும்பாலும் தப்பித்திருக்கும், நகர்த்தியதில்தான் நசுங்கிவிட்டது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். லௌதாரோ என் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டான். "போகோல விழுந்தவங்களத் தூக்கணும் டாக்டர். அதுதான் முறை. இவ மட்டும் இல்லன்னா என் தங்கச்சிய மிதிச்சே கொன்னிருப்பாங்க" என்றான். அழுதான். நானும் அழுதேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இவதான் தூக்கினா.

லௌதாரோவுக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. அம்மாவால் அவ்வளவு தூரம் வந்து தங்க முடியாது. நான் படிக்கிறதே இதுதான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடை முடிந்ததும், வகுப்பு உள்ள நாளில் வகுப்பு முடிந்ததும், நேராக அங்கேதான் போகிறேன். தலை கழுவிவிடுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன், புண் வராமல் முதுகில் எண்ணெய் தடவுவேன். மத்தே இலைத் தேநீர் போட்டு, உறிஞ்சும் குழலை அவள் வாயில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அவள் ஒரு மடக்கு, பிறகு நான் ஒரு மடக்கு. ஜன்னல் வழியாகத் தீலோ மரத்துப் பூவாசம் வரும். என் முதலாளியை மாதிரி பேசிக் காட்டச் சொல்லிச் சிரிப்பாள். சில ராத்திரிகளில் பயந்து விழித்துக்கொண்டு, "இருக்கியா?" என்று கேட்பாள். இருக்கிறேன் என்பேன். ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை.

இந்த இரண்டு மாதம்போல ஒரு காலம் எனக்கு இருந்ததில்லை. இதை எழுதுவது சரியா என்று தெரியவில்லை, ஆனால் உண்மை.

போன வாரம் அவள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. "டாக்டர்கிட்ட சொல்லு, நாளைக்கே சொல்லு" என்றாள். மறந்துவிட்டேன் என்று மறுநாள் தவறாக எழுதியிருக்கலாம். மறக்கவில்லை. ஒரு அசைவை வைத்து அவசரப்பட்டு நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். திங்கட்கிழமை லௌதாரோ வந்திருந்தபோது அது அவன் கண்ணெதிரே மறுபடி அசைந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அன்றிலிருந்து எல்லாம் வேகமாக நடக்கிறது.

இன்று சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். நாளைக்கு இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்கவைத்துப் பார்க்கலாம் என்றார். லௌதாரோ, "இவ நின்னுட்டாலே போதும், அடுத்த வாரமே அம்மாகிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன். நொயேலியா, நீயும் லீவுல வா. அம்மா உனக்குன்னு கறி சுடுவாங்க" என்றான். வருகிறேன் என்றேன். பாயியா பிளாங்காவுக்கு பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். லீவில் போகலாம்தான்.

யமிலாவுக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். முன்னால் அவர் பிடித்துக்கொள்வாராம், பின்னால் நிற்பவர் கவனமாக இருக்க வேண்டுமாம். "இன்னொரு தடவ விழுந்தா மறுபடி முதல்லேர்ந்துதான். மாசக்கணக்குல படுக்கை. சொல்லிட்டேன்." லௌதாரோ தான் நிற்கிறேன் என்றான்.

"நீ வேணாம்ணா, நீ அழுதுகிட்டே நிப்ப" என்றாள் யமிலா. "நொயேலியா நிக்கட்டும். அவ பின்னாடி நின்னா எனக்குப் பயமே இல்ல."

எனக்கு அவள்மேல் பிரியம் என்பதை இதைப் படிக்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அவள் நிற்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். உடம்பு தயாராவதற்கு முன்னால் வேண்டாம் என்பது மட்டும்தான் என் கருத்து. படிக்கிற பெண்ணின் கருத்தை யார் கேட்கிறார்கள்.

நாளைய வேலை: முதலாளியிடம் காலை லீவு சொல்லியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு முன்னால் போய் யமிலாவுக்கு முகம் கழுவி, முடியைக் கட்டிவிட வேண்டும். இடது காலில்தான் இன்னும் பலம் வரவில்லை. அந்தப் பக்கமாக, நெருங்கி நிற்க வேண்டும்.